50 டன் கிரேன் 50 டன் தூக்குமா? டெலஸ்கோபிக் டிரக் கிரேனின் தேர்வு, இயக்கம், பராமரிப்பு

கேள்வி இதுதான்: “கட்டுமான வேலைகளுக்காக டிரக் மேல் பொருத்திய டெலஸ்கோபிக் பூம் கிரேன் ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறோம். பெரும்பாலும் 2, 3 டன்தான் தூக்க வேண்டியிருக்கும். 25 டன் போதுமா, 50 டன் வேண்டுமா? வாங்கிய பிறகு ஓட்டுவதிலும் பராமரிப்பதிலும் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?”

‘25 டன் தாராளம்’ என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம் போலத்தான் இருக்கிறது. ஆனால் கேள்வியில் முக்கியமான ஒரு எண் விட்டுப்போயிருக்கிறது. அந்த 2, 3 டன்னை எவ்வளவு தூரத்தில் வைக்கப் போகிறீர்கள்? அது தெரியாமல் எந்தக் கிரேனையும் யாராலும் சிபாரிசு செய்ய முடியாது.

வண்டியின் பக்கவாட்டில் பெரிதாக எழுதியிருக்கும் 25, 50 என்ற எண், பூமை (ஒன்றுக்குள் ஒன்றாக நீளும் கிரேனின் கை) முழுவதும் உள்ளிழுத்து, முடிந்தவரை நிமிர்த்தி, கொக்கியை வண்டிக்கு ஒட்டினாற்போல வைத்துத் தூக்கும்போது கிடைக்கும் உச்ச எடை. பெரும்பாலும் அது 3 மீட்டர் ரேடியஸுக்கானது. ரேடியஸ் என்பது பூம் சுழலும் மையத்திலிருந்து கொக்கி தொங்கும் நேர்கோடு வரையுள்ள கிடைமட்டத் தூரம். பலர் வண்டியின் ஓரத்திலிருந்து டேப்பைப் பிடித்து அளக்கிறார்கள். சுழலும் மையம் வண்டியின் நடுவில் இருப்பதால் ஒன்றேகால் மீட்டர் அதிலேயே கணக்கில் வராமல் போய்விடும். வண்டியைத் தாங்கப் பக்கவாட்டில் நீண்டு தரையில் ஊன்றும் காலான அவுட்ரிகரை முழுக்க நீட்டினால் 3 மீட்டர் என்பது ஏறக்குறைய அதன் பாதம் நிற்கும் இடம். அந்த இடத்தில் 50 டன்னைத் தூக்கிப் பிடிக்கிற வேலை எத்தனை பேருக்கு வரும்?

தூரம் கூடக்கூட எண் எப்படி விழுகிறது என்று பாருங்கள். 50 டன் வகை டிரக் கிரேன் ஒன்று 10 மீட்டர் ரேடியஸில் சுமார் 12 முதல் 14 டன் தூக்கும். 20 மீட்டரில் அது 3, 4 டன்னாகக் குறைந்துவிடும். 25 டன் வகையாக இருந்தால் 10 மீட்டரில் 6, 7 டன். 20 மீட்டரில் 2 டன்கூடத் தேறாது. மாடலுக்கு மாடல் இது மாறும், ஆனால் சரிவு இந்தக் கணக்கில்தான் இருக்கும். ஆகவே 3 டன்னை 8 மீட்டரில் இறக்குபவருக்கு 25 டன் வண்டி போதும். அதே 3 டன்னைக் கட்டடத்தின் பின்பக்கம் 20 மீட்டரில் வைக்க வேண்டியவருக்கு 50 டன் வண்டியே இழுபறிதான்.

இழுபறி என்று ஏன் சொல்கிறேன் என்றால், எந்தத் தூரத்தில் எவ்வளவு தூக்கலாம் என்று காட்டும் அட்டவணையான லோடு சார்ட்டில் இருக்கும் எடை முழுவதும் உங்கள் பொருளுக்கானது இல்லை. ஹூக் பிளாக் (கொக்கியும் கப்பியும்), ஸ்லிங் (பொருளைக் கட்டும் கயிறு), ஷேக்கிள் (இணைக்கும் வளையம்), ஸ்ப்ரெடர் பீம் (ஸ்லிங்குகளை அகட்டிப் பிடிக்கும் சட்டம்), பூம் ஓரத்தில் மடித்து வைத்திருக்கும் ஜிப் (பூம் முனையில் சேர்க்கும் கூடுதல் கை) எல்லாவற்றையும் அதிலிருந்து கழிக்க வேண்டும். பொருள் 2.5 டன், ஹூக் பிளாக் 450 கிலோ, ஸ்ப்ரெடர் பீம் 250 கிலோ, ஸ்லிங்கும் ஷேக்கிளும் 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 3.3 டன். சார்ட் 3.5 டன் என்றால் ஏற்கெனவே 94 சதவீதத்தில் நிற்கிறீர்கள். ஜிப்பைக் கழற்றாமல் பூமிலேயே வைத்திருந்தால் அதற்குத் தனியாக ஒரு கழிவு உண்டு. அதையும் எடுத்தால் இந்தத் தூக்கு நடக்கவே கூடாது.

பொருளின் எடையும் பெரும்பாலும் வாய்க்கணக்காகவே வருகிறது. 4 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனமுள்ள ஒரு கான்கிரீட் பலகையைக் காட்டி ‘ரெண்டு டன் இருக்கும்’ என்பார்கள். கன அளவு 1.2 கனமீட்டர், கம்பி கட்டிய கான்கிரீட் கனமீட்டருக்கு சுமார் 2.5 டன், ஆக மொத்தம் 3 டன். இரும்பு என்றால் கனமீட்டருக்கு 7.85 டன். இந்த இரண்டு எண்களும் ஒரு கால்குலேட்டரும் சட்டைப்பையில் இருந்தால் பாதிச் சண்டைகள் தீர்ந்துவிடும்.

சரி, எப்படித் தேர்வு செய்வது? உங்களுக்கு அடிக்கடி வரும் வேலைகளில் கடினமான மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கனமானது, தூரமானது, உயரமானது என்று மூன்றும் வேறு வேறாக இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் பக்கவாட்டுப் படம் ஒன்று வரையுங்கள்: வண்டி எங்கே நிற்க முடியும், இடையில் சுவரோ கூரையோ எங்கே இருக்கிறது, பூம் அதில் இடிக்காமல் போகுமா, பொருளுக்கு மேலே ஸ்லிங்குக்கும் ஹூக் பிளாக்குக்கும் எவ்வளவு உயரம் வேண்டும். அந்த ரேடியஸுக்கும் பூம் நீளத்துக்கும் சார்ட்டில் உள்ள எடையில் 75, 80 சதவீதத்துக்குள் மூன்று வேலையும் அடங்கினால் அந்த மாடல் உங்களுக்குப் பொருந்தும். ஆண்டில் நாலைந்து நாள் மட்டும் வரும் நீண்ட தூர வேலைக்காகப் பெரிய வண்டி வாங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்த நாட்களுக்கு வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். பெரிய வண்டி என்றால் அச்சு எடை கூடும், திரும்ப இடம் கூடுதலாக வேண்டும், அவுட்ரிகர் விரிக்க 6, 7 மீட்டர் அகலம் வேண்டும். சந்துக்குள் நுழைய முடியாத 50 டன்னைவிட உள்ளே போய் நிற்கும் 25 டன் அதிகம் தூக்கும்.

பொருளை நீங்களே ஏற்றிக்கொண்டு போய் இறக்குவதுதான் முக்கிய வேலை என்றால், கேபினுக்குப் பின்னால் சின்ன கிரேனும் அதற்குப் பின்னால் சரக்குத் தளமும் உள்ள வண்டியைப் பாருங்கள். அவற்றின் திறனை டன்-மீட்டரில், அதாவது எடையையும் தூரத்தையும் பெருக்கிச் சொல்வார்கள். அது டன்னைவிட நேர்மையான அளவு. முழங்கை போல மடங்கும் பூம் தாழ்வான கூரைக்கு அடியிலும் நுழையும், மடக்கி வைத்தால் தளமும் முழுதாகக் கிடைக்கும். நேராக நீளும் டெலஸ்கோபிக் பூமுக்கு உயரமும் வின்ச்சின் (ரோப்பைச் சுற்றி இழுக்கும் எந்திரம்) வசதியும் அதிகம். ஆழமான குழிக்குள் இறக்க வேண்டும் என்றால் இதுதான்.

பூம் நீளும் விதத்திலும் இரண்டு வகை உண்டு. எல்லாப் பகுதிகளும் சிலிண்டராலும் வயர் ரோப்பாலும் ஒரே நேரத்தில் சமமாக நீள்வது ஒன்று. ஒரே சிலிண்டர் ஒவ்வொரு பகுதியாக வெளியே தள்ளி, ‘பின்’ என்ற பூட்டு ஊசியைப் போட்டுப் பூட்டிவிட்டுத் திரும்பி வந்து அடுத்ததைப் பிடிப்பது இன்னொன்று. பின் போடும் வகையில் பூமின் சொந்த எடை குறைவு என்பதால் நீளமாக நீட்டினாலும் நன்றாகத் தூக்கும். பெரிய வண்டிகளில் அதைத்தான் பார்க்கலாம். ஆனால் நீட்டி மடக்க நேரம் பிடிக்கும், பூட்டிய நீளங்களைத் தாண்டி இடையில் நின்றால் திறன் வெகுவாகக் குறையும். ஒரு நாளைக்குப் பத்து இடத்தில் நின்று தூக்குபவருக்கு முதல் வகைதான் சரி. ஹைட்ராலிக் டிரக் கிரேன் புதிது ஒன்றும் இல்லை. ஜப்பானில் டடானோ நிறுவனம் அந்நாட்டின் முதல் ஹைட்ராலிக் டிரக் கிரேனை 1955-இல் செய்தது. அது தூக்கியது 2 டன்.

லோடு சார்ட்டைப் படிப்பது பற்றி இன்னும் ஒன்று. அதில் தடித்த கோடோ நிழலோ போட்டு எண்களை இரண்டாகப் பிரித்திருப்பார்கள். ஒரு பக்கம் உள்ளவை வண்டி கவிழும் கணக்கில் வந்தவை. மறுபக்கம் உள்ளவை பூம், சிலிண்டர் போன்ற பாகங்கள் தாங்கும் கணக்கில் வந்தவை. ‘பின் டயர் தூக்கினால் தெரிந்துவிடும், நிறுத்திக்கொள்ளலாம்’ என்று சொல்லும் ஆபரேட்டர்கள் இருக்கிறார்கள். கிட்ட வைத்துத் தூக்கும்போது வண்டி அசையவே அசையாது. அதற்கு முன்பே பூம் நசுங்கும். அந்தப் பகுதியில் எந்த முன்னறிவிப்பும் கிடைக்காது. கவிழும் பகுதியிலும் அமெரிக்க முறையில் தயாரித்த சார்ட் என்றால், அவுட்ரிகர் மேல் நிற்கும்போது கவிழ்க்கும் எடையில் 85 சதவீதமும், டயர் மேல் நின்று தூக்க அனுமதித்த வண்டிகளில் 75 சதவீதமும்தான் எழுதியிருக்கும். மீதி 15 சதவீதம் ஆபரேட்டருக்கான போனஸ் இல்லை; காற்று, ஆட்டம், சற்றுத் தாழும் மண் இவற்றுக்காக விட்டு வைத்தது.

சார்ட்டில் 9 மீட்டரும் 10 மீட்டரும்தான் இருக்கின்றன, உங்கள் தூரம் 9.4 என்றால் 10-க்கு உள்ள எண்ணைத்தான் எடுக்க வேண்டும்; நடுவில் கணக்குப் போடக் கூடாது. எடை ஏறியதும் பூம் வளைந்து கொக்கி வெளியே நகரும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. நன்றாக நீட்டிய பூமில் அரை மீட்டர், சில நேரம் அதற்கு மேலும் ரேடியஸ் கூடிவிடும். சார்ட் சொல்வது லோடு தொங்கும்போது உள்ள ரேடியஸை. அப்புறம், வண்டியின் எந்தப் பக்கம் தூக்குகிறீர்கள் என்பதற்கும் கணக்கு உண்டு. கேபினுக்கு அடியில் முன்பக்கம் ஊன்றும் ஐந்தாவது ஜாக் இல்லாத பல வண்டிகளில் கேபினுக்கு மேலாகத் தூக்க அனுமதியே கிடையாது. பின்னால் தூக்கி, சுழற்றி, முன்னால் இறக்கலாம் என்று திட்டமிடுவதற்கு முன் அதைப் பாருங்கள்.

இனி தரை. கிரேன் கவிழ்ந்த இடங்களில் போய்ப் பார்த்தால் எந்திரத்தைவிட மண்தான் அதிகம் பேசும். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். வண்டியின் எடை 40 டன், தூக்குவது 3.3 டன், மொத்தம் 43.3 டன். பூம் ஒரு மூலை அவுட்ரிகருக்கு நேர் மேலே வரும்போது மொத்த எடையில் முக்கால் பங்கு அந்த ஒரே காலில் இறங்கும் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். அது 32.5 டன். அவுட்ரிகரின் பாதம் 50 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டம் என்றால் பரப்பு 0.196 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு சுமார் 166 டன் அழுத்தம் வருகிறது. நிரப்பிய மண் ஒன்று சதுர மீட்டருக்கு 15 டன் தாங்கினால் பெரிய விஷயம். அதற்கு 2.2 சதுர மீட்டர் பரப்பு வேண்டும். அதாவது ஒன்றரை மீட்டருக்கு ஒன்றரை மீட்டர் கட்டைமேடை. வண்டியோடு வரும் சின்னத் தகட்டைப் போட்டு வேலையை ஆரம்பிப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததே இல்லை.

கட்டையும் விறைப்பாக இருக்க வேண்டும். மெல்லிய பிளைவுட்டை ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு விரித்தாலும் பாதத்துக்கு நேர் கீழே மட்டும்தான் எடை இறங்கும். ஓரங்கள் மேலே வளைந்து சும்மா இருக்கும். கனமான மரக்கட்டைகளை நெருக்கமாக அடுக்கி, அவற்றின் மேல் குறுக்கே இன்னொரு அடுக்கு வைப்பது நல்லது. பாதம் நடுவில் அமர வேண்டும். கட்டையை அவுட்ரிகர் பெட்டிக்கு அடியில், பாதத்துக்கு உள்பக்கமாக முட்டுக்கொடுத்து நிறுத்துவது பெரிய தப்பு. ஆதாரம் உள்ளே நகர்ந்தால் கவிழும் கோடும் உள்ளே வந்துவிடும். அவுட்ரிகரை முழுக்க நீட்ட இடம் இல்லை, பாதிதான் நீள்கிறது என்றால் பாதி நீட்டலுக்குத் தனிச் சார்ட் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அங்கே தூக்க முடியாது, அவ்வளவுதான்.

பள்ளம், சாக்கடை மூடி, புதிதாக மூடிய குழாய்த் தோண்டல், அடித்தளத்தின் பின்னால் நிரப்பிய மண் இவையெல்லாம் மேலே பார்க்க ஒரே மாதிரி இருக்கும். வெட்டிய பள்ளத்தின் ஓரத்திலிருந்து அதன் ஆழத்துக்குக் குறையாத தூரம் தள்ளி நிற்க வேண்டும். மண் இளகியதாக இருந்தால் ஆழத்தைப் போல இருமடங்கு. ஆபரேட்டருக்கு நிலத்துக்கு அடியில் இருப்பது தெரியாது. அதைச் சொல்ல வேண்டியது வேலையிடத்துக்குப் பொறுப்பானவர்.

மட்டம் பார்ப்பதில் சோம்பல் கூடாது. சார்ட்டில் உள்ள எல்லா எண்களும் வண்டி 1 சதவீதத்துக்குள் மட்டமாக நிற்கிறது என்ற நிபந்தனையோடுதான் வருகின்றன. 30 மீட்டர் பூமை நன்றாக நிமிர்த்தி வைத்திருக்கும்போது வண்டி 1 பாகை சாய்ந்தால் பூம் முனை பக்கவாட்டில் அரை மீட்டருக்கு மேல் நகரும். இந்தச் சாய்வு பூமைப் பக்கவாட்டில் முறுக்குகிறது. மேலும் கீழுமாக வளைவதற்கு வடிவமைத்த பூம் பக்கவாட்டு விசையைத் தாங்காது. எல்லா டயர்களும் தரையை விட்டு எழும்பியிருக்க வேண்டும். டயர் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தால் அச்சுகளின் எடை அவுட்ரிகருக்கு வந்து சேராது, அந்த எடையையும் நம்பித்தான் சார்ட்டைப் போட்டிருக்கிறார்கள்.

இயக்கத்துக்கு வருவோம். எஞ்சினின் சக்தியைக் கிரேனின் ஹைட்ராலிக் பம்புக்குத் திருப்பும் பி.டி.ஓ.வைக் கியர் நியூட்ரலில், கிளட்ச்சை முழுக்க மிதித்து, எஞ்சின் மெதுவாக ஓடும்போது போடுங்கள். குளிர்ந்த ஆயிலோடு உடனே வேலையைத் தொடங்காமல் சில நிமிடங்கள் ஓடவிடுங்கள். முதல் லோடைத் தரையிலிருந்து ஒரு சாண் மட்டும் தூக்கி அப்படியே நிறுத்திப் பாருங்கள். வின்ச் பிரேக் பிடிக்கிறதா, லோடு கோணாமல் தொங்குகிறதா, நாலு கால்களில் ஏதாவது இறங்குகிறதா, டிஸ்ப்ளே காட்டும் எடை நீங்கள் போட்ட கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று எல்லாம் அந்த அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். ஒத்துப்போகவில்லை என்றால் இறக்கிவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள்.

டெலஸ்கோபிக் பூமுக்கென்றே உள்ள ஆபத்து ஒன்று இருக்கிறது. பூமை நீட்டும்போது வின்ச்சிலிருந்து ரோப்பையும் விட்டுக்கொண்டே வர வேண்டும். விடாவிட்டால் பூம் முனை வெளியே போகப்போக ஹூக் பிளாக் மேலே ஏறி முனையில் இடிக்கும். வின்ச்சைத் தொடவே இல்லையே என்று ஆபரேட்டர் நினைப்பார். நீட்டும் சிலிண்டரின் பலத்தில் ரோப் நூல் மாதிரி அறுந்து பிளாக் கீழே விழும். இதைத் தடுக்கத்தான் பூம் முனையில் சங்கிலியில் ஒரு சின்ன எடை தொங்குகிறது. ஹூக் பிளாக் வந்து அதைத் தூக்கினால் சுவிட்ச் வேலை செய்து வின்ச்சும் நீட்டலும் நிற்கும். தினமும் காலையில் லோடு இல்லாமல் கொக்கியை மெதுவாக ஏற்றி அது நிற்கிறதா என்று பாருங்கள். அந்தச் சங்கிலியைக் கம்பியால் தூக்கிக் கட்டி வைத்திருக்கும் வண்டியில் வேலை செய்யாதீர்கள்.

லோடு மொமென்ட் இண்டிகேட்டரையும் இதே கண்ணோடு பாருங்கள். அது பூமின் நீளம், கோணம், தூக்கும் சிலிண்டரின் அழுத்தம் ஆகியவற்றை அளந்து கணக்குப் போடும் கருவி. அவுட்ரிகர் எந்த அளவு நீண்டிருக்கிறது, ரோப் எத்தனை சுற்றுப் போட்டிருக்கிறது, எதிர்எடை எவ்வளவு என்பதைப் பல மாடல்களில் ஆபரேட்டர்தான் அதற்குச் சொல்ல வேண்டும். தவறாகச் சொன்னால் தவறான சார்ட்டை வைத்து நிதானமாகப் பச்சை விளக்குக் காட்டிக்கொண்டிருக்கும். ரோப் சுற்றுக்கும் தனிக் கணக்கு உண்டு: ஒற்றை ரோப் 4 டன் இழுக்கும் என்றால் இரண்டு சுற்றில் 8 டன்தான் வரம்பு, சார்ட் 12 என்று சொன்னாலும். மண்ணின் நிலையையும் காற்றையும் அந்தக் கருவி அறியாது. பைபாஸ் சாவி இருப்பது வண்டியைப் பழுதுநிலையிலிருந்து மீட்பதற்கு. இன்னும் அரை மீட்டர் எட்டுவதற்கு இல்லை.

காற்றைப் பற்றி ஒரு எண். 10 சதுர மீட்டர் ஷட்டர் பலகையை வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வீசும் காற்று ஏறத்தாழ 70 கிலோ விசையோடு தள்ளும். வேகம் 14 ஆனால் விசை இருமடங்கு. எடை குறைந்த அகலமான பொருள்தான் இதில் அதிக வம்பு செய்யும். பூம் முனையில் அளக்கும் காற்றுதான் கணக்கு. தரையில் சட்டை அசையவில்லை என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். கையேட்டில் உங்கள் மாடலுக்கான வரம்பு எழுதியிருக்கும்.

லோடைப் பக்கவாட்டில் இழுக்கவோ, தரையில் புதைந்ததைப் பிடுங்கவோ கிரேனைப் பயன்படுத்தக் கூடாது. புதைந்த கம்பத்தின் எடை உங்களுக்குத் தெரியும்; மண்ணின் பிடி எவ்வளவு என்பது யாருக்கும் தெரியாது. சுழற்றும்போது வேகம் கூடினால் லோடு வெளியே வீசி ரேடியஸைக் கூட்டும், ஆகவே மெதுவாகத் தொடங்கி மெதுவாக நிறுத்துங்கள். ஸ்லிங் கோணம் முக்கியம்: இரண்டு கால் ஸ்லிங் கிடைமட்டத்தோடு 60 பாகையில் நின்றால் ஒவ்வொரு காலிலும் லோடின் 58 சதவீதம் விழும், 30 பாகைக்குத் தாழ்ந்தால் ஒவ்வொரு காலிலும் முழு லோடும் விழும். சிக்னல் காட்டுபவர் ஒருவராக மட்டும் இருக்க வேண்டும். ‘நிறுத்து’ என்ற சைகையை மட்டும் யார் காட்டினாலும் ஆபரேட்டர் நிறுத்த வேண்டும்.

மின்கம்பிதான் எல்லாவற்றிலும் கொடியது. அமெரிக்க விதிப்படி 50 கிலோவோல்ட் வரை குறைந்தது 3 மீட்டர் விலகியிருக்க வேண்டும். மின்னழுத்தம் கூடக்கூட இந்தத் தூரமும் கூடும். உங்கள் நாட்டு விதி இதைவிடக் கடுமையாக இருந்தால் அதுதான் பொருந்தும். முடிந்தால் மின்சாரத்தை நிறுத்திவிட்டுத்தான் வேலை. பூம் கம்பியைத் தொட்டுவிட்டால் ஆபரேட்டர் கேபினிலேயே இருக்க வேண்டும். பூமை விலக்க முடிந்தால் விலக்கலாம். கீழே நிற்பவர்கள் வண்டியையோ லோடையோ தொடக் கூடாது, கிட்டேயும் போகக் கூடாது. தீப்பிடித்து வெளியேறியே ஆக வேண்டும் என்றால், வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல் இரண்டு கால்களையும் சேர்த்துக் குதித்து, பாதங்களைச் சேர்த்தே சின்னச் சின்ன அடியாக நகர்ந்து போக வேண்டும். ஓடினால் இரு பாதங்களுக்கும் இடையில் மின்னழுத்த வேறுபாடு உண்டாகி உடலில் பாயும்.

வேலை முடிந்து கிளம்பும்போது பூம் மடங்கியதா, கொக்கி கட்டியதா, சுழல் பூட்டு விழுந்ததா, அவுட்ரிகர் பின் போட்டதா, பி.டி.ஓ. விலகியதா என்று வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும். பி.டி.ஓ. விலகாமல் ஓடி, லீவர் எங்காவது உரசி, பூம் தானாக எழும்பிப் பாலத்தில் இடித்தால் பாலத்தோடு வண்டியும் போய்விடும்.

பராமரிப்பில் முதலிடம் வயர் ரோப்புக்கு. அதை ஒரு சுற்று நீளம் என்ற அளவில் பார்ப்பார்கள். ஒரு புரி ரோப்பை முழுதாகச் சுற்றி வரும் நீளம் அது. சாதாரண ஓடும் ரோப்பில் அந்த நீளத்துக்குள் ஆறு கம்பி அறுந்திருந்தாலோ, ஒரே புரியில் மூன்று அறுந்திருந்தாலோ மாற்ற வேண்டும் என்பது அமெரிக்க அளவுகோல். சுழலாத வகை ரோப்புக்கு வரம்பு இன்னும் கடுமையானது. விட்டம் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தாலும் முடிந்தது. வெளியே பளபளப்பாக இருந்தாலும் உள்ளே மையம் நசுங்கியிருக்கும். மடிப்பு விழுந்தது, கூண்டு போல விரிந்தது, மின்பொறி பட்டது எதையும் வைத்திருக்காதீர்கள். கையுறை இல்லாமல் தடவிப் பார்க்கவும் வேண்டாம்.

டிரம்மில் ரோப் எப்படி அமர்ந்திருக்கிறது என்பதைப் பலர் பார்ப்பதே இல்லை. தாழ்வான வேலைகளையே செய்யும் வண்டியில் அடி அடுக்குகள் மாதக்கணக்காக அவிழாமல் தளர்ந்து கிடக்கும். ஒருநாள் கனமான லோடு வரும்போது மேல் அடுக்கு தளர்ந்த அடி அடுக்குக்குள் வெட்டிக்கொண்டு இறங்கிச் சிக்கிக்கொள்ளும். அவ்வப்போது ரோப்பை முழுவதும் வெளியே விட்டு, ஓரளவு எடையைக் கட்டி இழுவிசையோடு திரும்பச் சுற்றினால் இந்தத் தொல்லை இருக்காது. முழுவதும் விடும்போது டிரம்மில் குறைந்தது மூன்று சுற்றாவது மிச்சம் இருக்கட்டும். ரோப்பின் முனையில் உள்ள ஆப்புச் சாக்கெட்டில் கிளிப் போடுவதாக இருந்தால் அது சும்மா தொங்கும் வாலில்தான் இருக்க வேண்டும். எடை தாங்கும் பக்கத்தையும் சேர்த்து இறுக்கினால் அங்கேயே அறுக்க ஆரம்பிக்கும்.

பூம் பகுதிகள் ஒன்றுக்குள் ஒன்று சறுக்குவது நைலான் தேய்மானக் கட்டைகளின் மேல். கிரீஸ் வறண்டால் நீட்டும்போதும் மடக்கும்போதும் பூம் உதறிக்கொண்டே நகரும், கட்கட் என்று சத்தமும் வரும். பழைய கிரீஸையும் அதில் ஒட்டிய மணலையும் துடைத்துவிட்டுப் புதிதாகத் தடவுங்கள். மணல் கலந்த கிரீஸ் உப்புத்தாள் வேலையைத்தான் செய்யும். சத்தம் அப்போதும் நிற்காவிட்டால் தேய்மானக் கட்டையின் கனத்தையும் இடைவெளியையும் பார்க்க வேண்டும்.

‘ராத்திரி நீட்டி வைத்த பூம் காலையில் இறங்கியிருக்கிறது, சிலிண்டர் சீல் போய்விட்டது’ என்று வருபவர்கள் நிறைய. சீலைக் கழற்றுவதற்கு முன் ஒரு கணக்கு. ஹைட்ராலிக் ஆயில் 1 பாகை செல்சியஸ் குளிர்ந்தால் சுமார் 0.07 சதவீதம் சுருங்கும். சிலிண்டரில் 10 மீட்டர் ஆயில் நின்று 30 பாகை குளிர்ந்தால் 21 சென்டிமீட்டர் தானாகவே இறங்கிவிடும். சீலும் நல்லது, வால்வும் நல்லது. இதே சுருக்கத்தால், வெயிலில் நீட்டிவைத்த பூம் மாலையில் திடீரென்று ஒரு அதிர்வோடு கொஞ்சம் உள்ளே போகும். ஆபரேட்டருக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஆயில் ஆறிய பிறகும் இறங்கிக்கொண்டே இருந்தால்தான் ஹோல்டிங் வால்வையோ சீலையோ சந்தேகிக்க வேண்டும். அந்த ஹோல்டிங் வால்வு சிலிண்டர் மேலேயே பொருத்தப்பட்டது. ஹோஸ் வெடித்தாலும் பூமை விழாமல் பிடித்துக்கொள்வது அதுதான். அதன் செட்டிங்கைத் தெரியாதவர்கள் திருகக் கூடாது.

ஆயில் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. கருகிய வாடை வந்தால் சூடேறிக் கெட்டிருக்கிறது. ஃபில்டரையும் ஆயிலையும் கையேட்டில் சொன்ன மணிக்கணக்கில் மாற்றுங்கள்; தூசி அதிகமுள்ள இடத்தில் அதற்கும் முன்னால். ஹோஸில் ஊசித்துளைக் கசிவு இருக்கிறதா என்று கையை வைத்துத் தேடாதீர்கள், அட்டையை வைத்துத் தேடுங்கள். அந்த அழுத்தத்தில் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் இருக்காது. ஆனால் உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரும்.

சுழல் பேரிங்குக்கு ஒரே இடத்தில் நின்று கிரீஸ் அடித்தால் அந்த இடத்துக்கு மட்டும்தான் போகும். சுழற்றிச் சுழற்றி அடிக்க வேண்டும். அதன் போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச்சால் சோதிப்பதற்கு ஒரு கால அட்டவணை இருக்கும், அதைத் தள்ளிப்போடாதீர்கள். முழு மேற்கட்டும் அந்தப் போல்ட்டுகளில்தான் உட்கார்ந்திருக்கிறது. கொக்கியின் வாய் 5 சதவீதம் விரிந்திருந்தாலோ, உடல் 10 சதவீதம் தேய்ந்திருந்தாலோ மாற்றுங்கள். கொக்கியிலும் பூமிலும் வெல்டிங் வைக்காதீர்கள். பூம் தகடு உயர்வலிமை எஃகு. உள்ளூர் வெல்டிங்கின் சூட்டில் அந்த இடம் அதன் வலிமையை இழந்துவிடும். பழுதுபார்த்தே ஆக வேண்டும் என்றால் தயாரிப்பாளரின் முறைப்படி மட்டும். வண்டியில் வேறெங்கு வெல்டிங் செய்தாலும் பேட்டரியையும் கன்ட்ரோல் யூனிட்டையும் முதலில் கழற்றிவிடுங்கள். தகுதியான ஒருவர் முழுமையாகப் பரிசோதிப்பது பல நாடுகளில் குறைந்தது 12 மாதத்துக்கு ஒருமுறை கட்டாயம்.

பழைய வண்டி வாங்குவதாக இருந்தால் பெயின்ட்டைப் பார்த்து மயங்காதீர்கள். புதுப் பெயின்ட் என்றால் எனக்குச் சந்தேகம்தான் வரும். பூமை முழுக்க நீட்டச் சொல்லி, பின்னால் நின்று ஒரு கண்ணால் பாருங்கள்: பக்கவாட்டில் வளைவு, அடித்தகட்டில் அலை, ஓரங்களில் நசுங்கல் இருந்தால் பேச்சை முடித்துக்கொள்ளலாம். அவுட்ரிகர் பெட்டியின் மூலைகளிலும் சுழல் மேடையைச் சுற்றியுள்ள சேஸிஸிலும் வெடிப்பையோ பழைய வெல்டிங்கையோ தேடுங்கள். சிலிண்டர் ராடில் குழிகள் இருந்தால் சீல் எத்தனை மாற்றினாலும் கசியும். பூமை மேலே கீழே லேசாக அசைத்து, சுழல் பேரிங்கின் இடைவெளியை டயல் கேஜ் வைத்து அளக்கச் சொல்லுங்கள். அந்த வண்டியின் சீரியல் எண்ணுக்கு உரிய லோடு சார்ட்டும் கையேடும் இல்லையென்றால், தயாரிப்பாளரிடமிருந்து அவை வந்து சேரும்வரை பணம் கொடுக்க வேண்டாம். கடைசியாக, எடை தெரிந்த ஒரு லோடைச் சார்ட்டுக்கு உட்பட்டுத் தூக்கி இண்டிகேட்டர் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். லோடை இறக்கிவிட்டு, பூமை நீட்டி நிமிர்த்தி, சிலிண்டரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். ஆயில் முழுக்க ஆறும்வரை காத்திருந்து, அதன் பிறகு போடும் இரண்டாவது கோடு நகர்கிறதா என்று பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.